குறை கேட்கும் தலைமை: 1941-ஆம் ஆண்டு கிள்ளான் தோட்டங்கள்



தலைமைப் பொறுப்பில் இருப்பவர் தமக்குக் கீழே வேலை செய்பவர்களைக் கூப்பிட்டு, "உங்களுக்கு என்ன குறை? என் போக்கில் எதை மாற்ற வேண்டும்?" என்று கேட்கலாமா? கேட்டால் அவருடைய மதிப்புக் குறைந்துவிடாதா? இது பழைய கேள்வி. குடும்பத்திலும் உண்டு, கோயில் கமிட்டியிலும் உண்டு, பள்ளிக்கூடத்துப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலும் உண்டு. அரசர் கதைகளைச் சொல்லி இதற்கு விடை கூறுவது வழக்கம். மாறுவேடம் பூண்டு இரவில் நகர்வலம் போன மன்னர்களின் கதைகளை நாம் நிறையவே கேட்டுவிட்டோம். ஆகவே இன்று அரண்மனைப் பக்கம் போகாமல், நம்முடைய லயத்துப் பக்கமே போவோம். நம் பாட்டன் பாட்டிமார் காலத்தில், 1941-ஆம் ஆண்டில், சிலாங்கூர் மாநிலத்துக் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தம்தான் இன்றைய பேச்சுக்கு எடுத்துக்கொண்ட வரலாறு.

அந்த நாளைய தோட்டத்தின் அமைப்பைப் பெரியவர்கள் நன்கு அறிவார்கள். உச்சியில் பெரிய துரை. அவருக்குக் கீழே சின்னத் துரை. அடுத்து ஆபீசில் கிராணிமார், காட்டில் கங்காணியும் மண்டோரும். எல்லாருக்கும் அடியில் பால்மரம் சீவும் ஆணும் பெண்ணும். விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவார்கள். உத்தரவு மேலேயிருந்து கீழே படிப்படியாக வந்து சேரும். அது தடையில்லாமல் வந்தது. கீழேயிருந்து ஒரு சொல் மேலே போக வேண்டுமானால் என்ன வழி என்று கேட்டுப் பாருங்கள். அங்கேதான் கதை தொடங்குகிறது.

தொழிலாளி தன் குறையைக் கங்காணியிடம் சொல்லலாம். ஆனால் அந்தக் கங்காணி யார்? பல தோட்டங்களில் ஆள் கட்டிக்கொண்டு வந்தவரே அவர்தான். தம் ஆட்கள் வேலைக்கு வரும் கணக்கைப் பொறுத்து அவருக்குத் தலைக்காசு கிடைத்தது. தொழிலாளி அவரிடம் கடன்பட்டிருப்பதும் உண்டு. தம் ஆட்கள் மனக்குறையோடு இருக்கிறார்கள் என்று துரையிடம் போய்ச் சொன்னால் அவருடைய பிழைப்புக்கே அது நல்லதாகாது. கிராணியிடம் சொல்லலாம் என்றால், குறையே சில வேளைகளில் அந்தக் கிராணியைப் பற்றியதாக இருக்கும். தொழில் இலாகா என்று ஓர் அரசாங்க இலாகா இருந்தது. அதன் அதிகாரிகள் தோட்டங்களைப் பார்வையிட வருவதுண்டு. ஆனால் வருகிறவர் துரையின் இனத்தவர், துரையோடு ஒரே கிளப்பில் பழகுகிறவர். துரை பக்கத்தில் நிற்க, அவர் ஒரு தொழிலாளியைப் பார்த்து "ஏதும் குறை உண்டா?" என்று கேட்டால், அந்தத் தொழிலாளி என்ன பதில் சொல்லியிருப்பார் என்பதை உங்கள் கற்பனைக்கே விட்டுவிடுகிறேன்.

மிஞ்சிய வழி ஒன்று உண்டு. ஒப்பந்தக் கூலி முறை 1910-ஆம் ஆண்டில் ஒழிந்த பிறகு, ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு வேறு தோட்டத்துக்குப் போகும் உரிமை தொழிலாளிக்கு இருந்தது. ஆகவே வாயால் சொல்ல முடியாதவர்கள் மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு நடந்தார்கள். துரை கணக்குப் புத்தகத்தில் ஆள் குறைந்ததைப் பார்த்திருப்பார். ஏன் குறைந்தது என்பது அந்தப் புத்தகத்தில் எழுதப்படவில்லை.

இங்கே ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்துத் துரைமார் பலருக்குத் தமிழ் தெரியும். 1919-இல் நிறுவப்பட்ட தோட்ட நிர்வாகிகள் கழகம் தமிழில் தேர்வே நடத்தியது. இங்கிலாந்திலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் வந்த இளைஞர்கள் அந்தத் தேர்வுக்காகத் தமிழ் கற்றார்கள். எதற்காகக் கற்றார்கள்? வேலை வாங்குவதற்கு. "வா, போ, நில், வெட்டு, கூட்டு" என்று ஏவுவதற்கு ஒரு மொழி எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு தமிழ் அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. மொழி தெரியாததால் குறை காதில் விழவில்லை என்று யாரும் சாக்குச் சொல்ல இடமில்லை என்பதற்காகவே இதைக் குறிப்பிட்டேன்.

இனி, கூலி நிலவரத்தைச் சற்றுப் பார்ப்போம். உலகப் பொருளாதார மந்தம் வருமுன், முக்கியமான தோட்டப் பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று கூலி நிர்ணயம் இருந்தது. 1930-க்குப் பிறகு ரப்பர் விலை விழுந்தது, கூலியும் விழுந்தது, பல்லாயிரக் கணக்கானோர் கப்பலேற்றி இந்தியாவுக்கே திருப்பி அனுப்பப்பட்டார்கள். பின்னர் ரப்பர் விலை ஏறியபோது கூலி அதே வேகத்தில் ஏறவில்லை. 1936-ஆம் ஆண்டு இறுதியில் இந்திய அரசாங்கத்தின் சார்பில் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் மலாயாவுக்கு வந்து நிலைமையை ஆராய்ந்தார். தஞ்சைச் சீமையில் வலங்கைமானில் பிறந்தவர். ஆங்கிலப் பேச்சில் உலகப் புகழ் பெற்றவர். பழைய கூலியைத் திரும்பக் கொடுக்க வேண்டும், கங்காணி மூலம் ஆள் கட்டும் முறை ஒழிய வேண்டும் என்று அவர் பரிந்துரைத்தார். அதற்காக அவரைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் தோட்டங்களின் பொது நிலைமையைப் பற்றி அவர் எழுதியது மிகவும் மென்மையாக இருந்தது என்று, 1936-இல் தொடங்கப்பட்டிருந்த மலாயா மத்திய இந்தியர் சங்கத்தார் மனம் வருந்தினார்கள். 1938-இல் மறுபடியும் கூலிக் குறைப்பு வந்தது. அதே ஆண்டில் இந்திய அரசாங்கம், உதவிப் பயணம் கொடுத்து மலாயாவுக்குக் கூலியாட்கள் அனுப்புவதை நிறுத்தியது.

1939-இல் ஐரோப்பாவில் யுத்தம் மூண்டது. யுத்தத்துக்கு ரப்பர் வேண்டும். மலாயாவின் ரப்பரும் ஈயமும் அமெரிக்க டாலரைச் சம்பாதித்துக் கொடுத்தன. தோட்டங்களுக்கு நல்ல காலம். ஆனால் சாமான் விலையும் ஏறியது. மேலும், அதே ரப்பர் மரத்தைச் சீவிய சீனத் தொழிலாளிக்கு நம்மவரைவிடக் கூடுதல் கூலி கிடைத்தது. சீனர்கள் கூலி பேசுவதில் கண்டிப்பானவர்கள். ஒத்து வராவிட்டால் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். நம்மவர் பாடு அப்படியில்லை.

இந்தச் சூழ்நிலையில்தான் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் தோட்டங்களுக்குள் வேலை செய்யத் தொடங்கியது. அதில் முன்னணியில் நின்றவர் ஆர். எச். நாதன். தமிழ் நேசன் நாளிதழில் துணையாசிரியராகப் பணிபுரிந்தவர். 1941-ஆம் ஆண்டின் முற்பகுதியில் தோட்டத்துக்குத் தோட்டம் வேலைநிறுத்தம் பரவியது. தோட்ட உரிமையாளர்களின் சங்கம் கூலியில் சில காசு உயர்த்திக் கொடுத்துப் பிரச்சினையை முடிக்கப் பார்த்தது. தொழிலாளர்கள் கேட்பது காசு; காசைக் கொடுத்தால் அடங்கிவிடுவார்கள் என்பது அவர்கள் கணக்கு. வேலைநிறுத்தம் அடங்கவில்லை.

ஏன் அடங்கவில்லை என்பதைத் தொழிலாளர்கள் முன்வைத்த கோரிக்கைப் பட்டியலே சொல்லும். வரலாற்று நூல்களில் இது பதிவாகியிருக்கிறது. சீனருக்கும் இந்தியருக்கும் சம கூலி என்பது அதில் ஒன்று. 10 மணி நேரம், 12 மணி நேரம் வேலை வாங்குவது நிற்க வேண்டும் என்பது ஒன்று. நல்ல வைத்திய வசதி, பிள்ளைகளுக்கு முறையான படிப்பு, கள்ளுக்கடைகளை மூடுதல் ஆகியவையும் உண்டு. கொடுமை செய்யும் மேற்பார்வையாளர்களை நீக்கித் தமிழ் பேசும் ஆட்களை வைக்க வேண்டும் என்றும் கேட்டார்கள். தோட்டத்துப் பெண்களின் மானத்துக்குத் துரைமாராலும் அவர்களைப் போல நடந்துகொண்ட மற்ற உத்தியோகஸ்தர்களாலும் வரும் இழிவு நிற்க வேண்டும் என்றார்கள். உற்றார் உறவினர் தடையின்றித் தோட்டத்துக்குள் வந்து போக அனுமதி வேண்டும் என்றார்கள். ஏனென்றால் தோட்டம் தனியார் நிலம், மாமன் மச்சான் பார்க்க வருவதென்றாலும் துரையின் அனுமதி வேண்டியிருந்தது.

இன்னொரு கோரிக்கையும் இருந்தது. துரைக்கும் கிராணிக்கும் முன்னால் சைக்கிளில் ஏறிப் போக அனுமதி வேண்டும் என்பது அது.

இளைய நேயர்களுக்கு இது விளங்காமல் இருக்கலாம். காசு சேர்த்துத் தொழிலாளி ஒரு சைக்கிள் வாங்குகிறார். தோட்டத்துச் சாலையில் அதில் போகும்போது எதிரே துரையோ கிராணியோ வந்தால், சைக்கிளை விட்டு இறங்கி ஓரமாக நிற்க வேண்டும். தோட்டத்தின் எழுதாத சட்டம் அது. மனைவியின் முன்னால், தம் பிள்ளையின் முன்னால் இறங்கி நிற்க வேண்டும். கூலியில் ஐந்து காசு ஏறினாலும் இந்த இறக்கம் போவதில்லை அல்லவா?

இந்தக் கோரிக்கையை நிறைவேற்ற எவ்வளவு செலவாகும் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு காசும் ஆகாது. கூலி விஷயத்தில் துரைக்கும் கைகட்டு உண்டு என்பதை நியாயமாக ஒப்புக்கொள்ள வேண்டும். ரப்பர் விலை லண்டனிலும் நியூயார்க்கிலும் முடிவாகிறது. கூலியை உரிமையாளர் சங்கமும் ஏஜென்சிக் கம்பெனிகளும் முடிவு செய்கின்றன. தோட்டத்துத் துரை தாமாக அதை ஏற்ற முடியாது. ஆனால் "இனி யாரும் எனக்காகச் சைக்கிளை விட்டு இறங்க வேண்டாம்" என்று ஒரு காலைப் பெரட்டில் சொல்ல அவருக்கு யாருடைய உத்தரவும் தேவையில்லை. உறவினர் வந்து போக அனுமதிக்கவும், பெண்களிடம் முறை தவறி நடந்த ஆளை வேலையை விட்டு நீக்கவும் அவரால் முடிந்திருக்கும். பட்டியலில் பாதிக்கு மேல் இப்படிப்பட்டவைதாம். அவற்றை அவர் ஏன் செய்யவில்லை? கெட்ட மனம் படைத்தவர்கள் சிலர் இருந்தார்கள், அதை மறுப்பதற்கில்லை. ஆயினும் எல்லாரும் அப்படி என்று நான் கருதவில்லை. தம் ஆட்களைத் தாமே நன்றாக அறிவோம் என்று நம்பிய துரைமார் அநேகர். தீபாவளிக்குப் பணம் கொடுப்பார்கள், திருவிழாவுக்கு வந்து மாலை வாங்கிக்கொள்வார்கள், தம்மை ஒரு குடும்பத் தலைவராகவே நினைத்துக்கொள்வார்கள். அறிந்திருப்பதாக நினைப்பவருக்குக் கேட்க வேண்டிய அவசியம் தோன்றுவதில்லை.

நாதனைப் போன்றவர்கள் என்ன செய்தார்கள்? பத்திரிகை அலுவலகத்தில் உட்கார்ந்து யோசிப்பவருக்குச் சம கூலி தோன்றும், எட்டு மணி வேலை தோன்றும். சைக்கிள் தோன்றாது. அது லயத்து வாசலில் கேட்டறிந்த சொல். தொழிலாளியின் வாயிலிருந்து வந்ததைப் பட்டியலில் சேர்க்கத் தெரிந்ததனாலேயே அந்த இயக்கம் அவ்வளவு வேகமாகப் பரவியது என்பது என் கருத்து.

பட்டியலில் இன்னும் இரண்டு கோரிக்கைகளைச் சொல்லாமல் வைத்திருந்தேன். குறை எடுத்துச் சொல்லும் தொழிலாளியைப் பழிவாங்கக் கூடாது என்பது ஒன்று. தங்கள் நலனுக்காகப் பேசவும் குறைகளை முன்வைக்கவும் தாங்களே சங்கம் அமைத்துக்கொள்ள அனுமதி வேண்டும் என்பது மற்றொன்று. எழுதப் படிக்க வாய்ப்புக் குறைந்த மக்கள், தலைமையைப் பற்றிய புத்தகம் எதையும் படிக்காத மக்கள், இதை எவ்வளவு தெளிவாகக் கண்டிருக்கிறார்கள் பாருங்கள். "எங்களைக் கேளுங்கள்" என்று மட்டும் அவர்கள் சொல்லவில்லை. கேட்டபின் சொன்னவனுக்கு மறுநாள் வேலை இருக்க வேண்டும். தனி ஆளாக நின்று சொல்லும் நிலைமை மாற வேண்டும். இந்த இரண்டும் இல்லாத இடத்தில், துரை உண்மையிலேயே நல்ல மனத்தோடு குறை கேட்டிருந்தாலும் "ஒன்றுமில்லை துரை" என்ற பதில்தான் கிடைத்திருக்கும். அந்தப் பதிலைக் கேட்டு அவரும் நிம்மதியாக உறங்கியிருப்பார்.

தலைவர் கீழே உள்ளவரிடம் கருத்துக் கேட்டால் கட்டுப்பாடு குலையும் என்று வாதிடுவோர் இன்றும் உண்டு. ஒன்றைக் கொடுத்தால் ஒன்பது கேட்பார்கள் என்பார்கள். நூற்றுக் கணக்கானோரை வேலை வாங்கும் இடத்தில் ஆளுக்கொரு யோசனை சொல்ல ஆரம்பித்தால் பால் எப்போது எடுப்பது, எப்போது ஆலைக்கு அனுப்புவது என்றும் கேட்பார்கள். இதில் கொஞ்சம் உண்மை உண்டு. வெயில் ஏறுமுன் மரம் சீவியாக வேண்டும். அதைக் கூட்டம் போட்டு முடிவு செய்துகொண்டிருக்க முடியாது. முடிவு எடுக்கும் பொறுப்புத் தலைவருடையதுதான். ஆனால் கிள்ளானில் கேட்காததால் கட்டுப்பாடு நிலைத்ததா என்பதற்கு வரலாறே சாட்சி.

1941 மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். பின்னர் நாடு கடத்தப்பட்டார். அவர் ஒருவர்தான் தூண்டுகோல், அவரை அகற்றினால் எல்லாம் சரியாகும் என்று அரசாங்கமும் உரிமையாளர்களும் நம்பினார்கள். நடந்தது வேறு. அவரை விடுதலை செய்யக் கோரி, சிலாங்கூரில் அதுவரை அமைதியாயிருந்த தோட்டங்களிலும் வேலைநிறுத்தம் பரவியது. அப்போது கவர்னராகவும் ஹை கமிஷனராகவும் இருந்தவர் சர் ஷெண்டன் தாமஸ். மே மாத நடுவில் சிலாங்கூரில் அவசர நிலை அறிவிக்கப்பட்டது. ராணுவம் வரவழைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். பலர் சிறைப்பட்டார்கள், பலர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். வேலைநிறுத்தம் முறிந்தது.

முறிந்து ஏழு மாதங்கூட ஆகவில்லை. 1941 டிசம்பர் 8-ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. துரைமார் தோட்டங்களை விட்டுப் போய்விட்டார்கள். தொழிலாளர்கள் அங்கேயே இருந்தார்கள். அதற்குப் பிறகு சயாம் ரயில் பாதையில் நம்மவர் பட்ட பாட்டைத் தனியே ஒரு நாள் பேச வேண்டும், இன்று நேரமில்லை. யுத்தம் முடிந்து 1945-இல் வெள்ளையர் திரும்பி வந்தபோது, தாங்கள் விட்டுச் சென்ற பணிவை அவர்கள் தோட்டங்களில் காணவில்லை. கேட்கும் காலம் போய்ப் பேச்சு வார்த்தைக் காலம் வந்திருந்தது.

சங்கங்கள் தோன்றின. 1948-இல் வந்த அவசர காலத்தில் பல ஒடுங்கின. மீண்டும் கட்டியெழுப்பியவை 1954-இல் ஒன்று சேர்ந்து தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கமாயின. பி. பி. நாராயணன் அதன் தலைமைக் குரலாகப் பல ஆண்டுகள் விளங்கினார். தொழிலாளியின் குறை முதலில் யாரிடம் போக வேண்டும், அங்கே தீராவிட்டால் அடுத்து யாரிடம் போக வேண்டும் என்ற படிமுறை கூட்டு ஒப்பந்தங்களில் எழுதப்பட்டது. சங்கத்தில் சேர்ந்ததற்காக ஒருவரை வேலையை விட்டு நீக்கக் கூடாது என்பது 1967-ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டத்தில் இடம்பெற்றது. கிள்ளான் தொழிலாளர்கள் கேட்டு 26 ஆண்டுகள் கழித்து!

சங்கம் வந்துவிட்டால் இந்தக் கேள்வி தீர்ந்துவிட்டது என்று எண்ணிவிட வேண்டாம். துரையை எந்தத் தராசில் நிறுத்தோமோ அதே தராசில் நம் தலைவர்களையும் நிறுத்த வேண்டும். சந்தா பிடித்துக்கொண்டு, மாநாட்டில் மட்டும் முகம் காட்டும் தலைமையும் தன் உறுப்பினரை அறிந்திருப்பதாகத்தான் நினைத்துக்கொள்ளும். தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து, "ஆயாக் கொட்டகையில் தண்ணீர் வரவில்லை" என்று சொன்னால், "அது இன்றைய விஷயம் இல்லை, உட்கார்" என்று சொல்லும் செயலாளரும், சைக்கிளை விட்டு இறங்கச் சொன்ன கிராணியும் ஏறக்குறைய ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள்.

இன்று நம் தோட்டங்களில் ரப்பர் குறைந்து செம்பனை நிறைந்துவிட்டது. நம்மவர் பலர் பட்டணத்துக்குப் போய்விட்டார்கள். பெரட்டுக் களத்தில் இன்று வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். பெயர் கூப்பிடும் மண்டோர் சில இடங்களில் நம் வீட்டுப் பிள்ளை. 2020-ஆம் ஆண்டில், கட்டாய வேலைக்கான அறிகுறிகள் தெரிகின்றன என்று கூறி, மலேசியாவின் இரண்டு பெரிய நிறுவனங்களின் பாமாயிலை அமெரிக்கச் சுங்க இலாகா தன் துறைமுகங்களில் தடுத்தது. அந்தத் தொழிலாளர்களின் குறைகளை வெளி அமைப்புகள் மனுவாக எழுதி அமெரிக்காவுக்கு அனுப்பியிருந்தன. தோட்டத்து ஆபீஸ் அந்தத் தொழிலாளர்களின் குடியிருப்பிலிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் இருந்தது.